சிறுதொகைச் சீட்டாட்டம் குடும்பத்தைத் தாங்குமா?

உடல்நலம் குன்றி வேலைக்குச் செல்ல இயலாத நாள்களில், நோயின் வலியோடு சேர்ந்தே ஒரு குடும்பத்தை வாட்டுவது வருமானம் நின்றுபோவதாகும். மீஞ்சூரைச் சுற்றி வாழ்வோரில் பலர் நாள்கூலிக்கோ ஒப்பந்த அடிப்படையிலோ உழைப்பவர்கள். வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள், மணலியின் ஆலைகள், கன்டெய்னர் லாரிகள், எண்ணூர்க் கழிமுகத்து மீன்பிடிப்பு என எதுவாயினும், உடல் ஓய்ந்தால் கூலியும் ஓய்ந்துவிடும். எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் இருப்பவருக்கும், அவரைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்டு வந்தவருக்கும் அப்போது கைக்கு எட்டும் தொலைவில் இருப்பது கைப்பேசி ஒன்றுதான்.

அந்தக் கைப்பேசியின் வழியே ஓர் எண்ணம் நுழைகிறது. “பெருந்தொகை வைத்து ஆடினால்தான் ஆபத்து. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வைத்து நிதானமாக ஆடினால் மாதச் செலவுக்காவது வராதா? போக்கரும் ரம்மியும் திறமைக்குரிய ஆட்டங்கள் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே?” இக்கேள்வியை மூடத்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதனை எழுப்புவது பேராசை அன்று. பெரும்பாலும் வாடகையும் மருந்துச் செலவும்தான். ஆகவே இதற்கு அறிவுரையால் அன்றிக் கணக்கால் விடை காண முயல்வோம்.

திறமை என்பது வேறு, வருமானம் என்பது வேறு

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்று 1967-ஆம் ஆண்டில், ஆந்திரப் பிரதேச அரசு தொடர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்திருப்பதும், எதனை வைத்துக்கொள்வது எதனைக் கழிப்பது என்று முடிவெடுப்பதும் திறமையே. போக்கரிலும் நிகழ்தகவை அறிந்தவர் அறியாதவரை நெடுநாளில் வெல்வார்.

ஆனால் நீதிமன்றம் விடை கூறிய கேள்வி ஒன்று. குடும்பம் கேட்கும் கேள்வி வேறொன்று. ஓர் ஆட்டம் சட்டத்தின் பார்வையில் சூதாட்டமா அன்றா என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்தது. அதனை ஆடி அரிசி வாங்கலாமா என்று எவரும் அங்கே கேட்கவில்லை. கிரிக்கெட்டும் திறமைக்குரிய ஆட்டமே. தெருவில் மட்டை பிடிக்கும் ஆயிரம் பேரில் எத்தனை பேர் அதனால் குடும்பம் நடத்துகிறார்கள்? அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. தெருவில் தோற்பவர் வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்புவார்; சீட்டாட்ட மேசையில் தோற்பவர் கையிலிருந்ததையும் விட்டுவிட்டுத் திரும்புவார்.

மேசையிலிருந்து எடுக்கப்படும் பங்கு

எடுத்துக்காட்டாக ஒரு சிறுதொகைப் போக்கர் மேசையைக் காண்போம். ஆறு பேர் அமர்ந்துள்ளனர். ஒவ்வொருவரும் 1,000 ரூபாய் கொண்டுவந்துள்ளனர். ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் இருவர் முறையே 5 ரூபாயும் 10 ரூபாயும் கட்டாயமாக வைக்கவேண்டும். கைப்பேசியில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 60 ஆட்டங்கள் முடியும். சராசரியாக ஓர் ஆட்டத்தில் 120 ரூபாய் சேர்கிறது என்று கொள்வோம். அதில் ஐந்து விழுக்காட்டை, அதாவது 6 ரூபாயை, ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது.

ஆறு ரூபாய் அற்பமாகத் தோன்றும். ஆனால் 60 ஆட்டங்களுக்கு அது 360 ரூபாய். ஒரு மணி நேரத்திற்குப் பிறகு அந்த மேசையில் இருந்த 6,000 ரூபாய் 5,640 ஆகக் குறைந்திருக்கும். ஐந்து மணி நேரத்திற்குப் பிறகு 4,200 ஆகியிருக்கும். யார் வென்றார், யார் தோற்றார் என்பதைப் பொறுத்தது அன்று இது. மேசையில் புதிதாகப் பணம் விளைவதில்லை. ஒருவர் பையிலிருந்து மற்றொருவர் பைக்கு மாறுகிறது, மாறும்போதெல்லாம் சிறிது கசிகிறது.

ஆறு பேரும் ஒத்த திறமை உடையவராயின், ஒவ்வொருவரும் மணிக்கு 60 ரூபாய் இழப்பார். எட்டு மணி நேரம் அமர்ந்தால் 480 ரூபாய். அதாவது, சராசரித் திறமை உடையவர் நாள் முழுதும் உழைத்து, ஏறத்தாழ ஒரு நாள் கூலியைத் தாமே செலுத்திவிட்டு எழுகிறார். வென்றும் தோற்றும் சமநிலையில் நிற்பதற்கே, எதிரில் உள்ளவர்களைவிட மணிக்கு 60 ரூபாய் அளவுக்கு மேம்பட்டவராக இருக்கவேண்டும். ரம்மிச் செயலிகளிலும் அமைப்பு இதுவே. வென்றவர் பெறும் தொகை, எல்லோரும் வைத்த தொகையைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும்.

சிறிய தொகைக்கு ஆடினால் ஆபத்து குறைவு என்ற எண்ணமும் இங்கே பிழையாகிறது. தொகை சிறிதாகும்போது கமிஷனின் சுமை, வெல்லக்கூடிய தொகையோடு ஒப்பிடுகையில் பெரிதாகிறது.

உண்மையிலேயே வல்லவர் ஒருவர் என்ன ஈட்டுவார்?

இப்போது மிக நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக்கர் ஆடுவோர் தம் ஆதாயத்தை, நூறு ஆட்டங்களுக்குப் ‘பெரிய கட்டாயத் தொகை’ எத்தனை மடங்கு கிடைத்தது என்று அளப்பர். கமிஷன் போக, நூறு ஆட்டங்களுக்கு ஐந்து மடங்கு என்பது சிறுதொகை மேசைகளில் நல்ல ஆட்டக்காரருக்குரிய அளவு. நம் மேசையில் அது நூறு ஆட்டங்களுக்கு 50 ரூபாய். மணிக்கு 30 ரூபாய். எட்டு மணி நேரத்திற்கு 240 ரூபாய். 25 நாள்களுக்கு 6,000 ரூபாய்.

இது போதாது என்று அவர் ஒரே நேரத்தில் நான்கு மேசைகளில் ஆடுகிறார் என்போம். திறமை சிறிதும் குறையவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், மாதம் 24,000 ரூபாய். ஒரு திரையில் நான்கு ஆட்டங்கள். பதினைந்து நொடிக்கு ஒரு புதிய ஆட்டம். நாளுக்கு எட்டு மணி நேரம். மாதத்திற்கு 48,000 ஆட்டங்கள். உடல்நலம் குன்றியவர் ஓய்வாகச் செய்யக்கூடிய வேலை இது என்று எவரும் கூறமாட்டார்.

அடுத்து வரி. இணைய வழி ஆட்டங்களில் கிடைக்கும் நிகர வெற்றித் தொகைக்கு 30 விழுக்காடு வருமான வரி, செலுத்தும் இடத்திலேயே பிடித்தம் செய்யப்படவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சம்பளக்காரருக்குள்ள அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. ஆக, 24,000 என்பது 16,800 ஆகிறது. அன்றியும் 2023 அக்டோபர் 1 முதல், ஆட்டக் கணக்கில் செலுத்தும் முழுத் தொகையின் மீதும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. வருங்கால வைப்பு நிதி இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, விடுப்பு இல்லை. காய்ச்சல் வந்தால் அன்றைய வருமானமும் இல்லை.

ஏற்ற இறக்கம் என்னும் பெருஞ்சிக்கல்

மேற்கண்ட 24,000 ரூபாய் என்பது சராசரி. மாதந்தோறும் அத்தொகையே வரும் என்பது அதன் பொருள் அன்று. போக்கரில் நூறு ஆட்டங்களுக்குரிய ஏற்ற இறக்கம், ஆதாயத்தைவிடப் பல மடங்கு பெரியது. கட்டாயத் தொகையைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு எனக் கணக்கிடலாம். இவ்வளவை வைத்துப் பார்த்தால், நம் வல்லவரின் மாத வருமானம் மூன்றில் இரண்டு மாதங்களில் 4,000 ரூபாய்க்கும் 44,000 ரூபாய்க்கும் இடையே எங்கேனும் நிற்கும். மீதி மாதங்களில் அதற்கு வெளியே செல்லும். ஆண்டுக்கு ஒரு மாதமாவது, எந்தத் தவறும் செய்யாமலேயே, கைப்பணத்தை இழந்து முடிப்பார் என்று எதிர்பார்க்கவேண்டும்.

வீட்டு வாடகை சராசரியைப் பார்த்து வசூலிக்கப்படுவதில்லை. டயாலிசிஸ் வாரத்திற்கு இருமுறையோ மும்முறையோ குறித்த நாளில் செய்யப்படவேண்டும். இன்சுலின் தீர்ந்த அன்றே வாங்கப்படவேண்டும். நோயுற்ற குடும்பத்திற்குத் தேவைப்படுவது பெரிய வருமானம் அன்று. குறித்த நாளில் தவறாமல் வரும் வருமானம். சீட்டாட்டத்தால் தரவே முடியாதது அதுதான்.

இதனை அறிந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள், மேசைக்குக் கொண்டுசெல்லும் தொகையைப்போல் முப்பது முதல் ஐம்பது மடங்கைத் தனியே ஒதுக்கி வைப்பர். நம் மேசைக்கு அது 30,000 முதல் 50,000 ரூபாய் வரை. அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்குத் தொடமாட்டார்கள். வாழ்க்கைச் செலவும் அதே பணத்திலிருந்து போகவேண்டிய ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு மோசமான வாரங்கள் வந்தால் முதல் போய்விடும். முதல் போனபின் திறமை இருந்தும் பயன் இல்லை.

“மூன்று மாதமாக லாபத்தில்தான் இருக்கிறேன்”

குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் சொல் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. கணக்கும் சரியாக இருக்கலாம். எனினும் அது எதனையும் நிலைநாட்டுவதில்லை.

நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் மூன்று மாதம் ஆடினால் ஏறத்தாழ 10,000 ஆட்டங்கள் ஆகும். நூறு ஆட்டங்களுக்கு ஐந்து மடங்கு தோற்கும் இயல்புடைய ஒருவரை, அதாவது நிச்சயமாகத் தோற்கக்கூடிய ஒருவரை, எடுத்துக்கொண்டால்கூட, 10,000 ஆட்டங்களின் முடிவில் அவர் ஆதாயத்தில் இருக்கும் வாய்ப்பு பத்தில் மூன்றுக்குச் சற்றே குறைவு. அப்படிப்பட்ட நூறு பேர் ஆடத் தொடங்கினால், மூன்று மாதம் கழித்து அவர்களுள் முப்பது பேர் வரை ‘எனக்கு இது கைவந்துவிட்டது’ என்று நம்புவார்கள். வேலையை விடுவதும், நகையை அடகு வைப்பதும் பெரும்பாலும் இந்த முப்பது பேரிடையே தொடங்குகின்றன.

வெற்றிக் கதைகளும் இவ்வாறே பரவுகின்றன. 2003-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், கிரிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர் 25 லட்சம் டாலர் வென்றார். நூறு டாலருக்கும் குறைந்த நுழைவுக் கட்டணத்தில் இணையவழிச் சிறுபோட்டி ஒன்றை வென்று அவர் அங்கே சென்றவர். அக்கதை உலகெங்கும் எண்ணற்றவரைப் போக்கர் மேசைக்கு இழுத்தது. அப்போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். பெரும்பாலானோர் செலுத்திய பணம் திரும்பாமலே வீடு சென்றனர். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. நம் ஊரில் ‘ரம்மியில் ஒருவர் பைக் வாங்கினார்’ என்ற செய்தி தெருவெங்கும் பரவும். பைக்கை விற்றவர் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் இது புதிய சிக்கல் அன்று. லாட்டரிச் சீட்டுகளால் உழைப்பாளர் குடும்பங்கள் சிதைவதைக் கண்டு 2003-இல் மாநில அரசு அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது. கைப்பேசியில் ரம்மியும் போக்கரும் பரவியபின் 2020 நவம்பரில் ஓர் அவசரச் சட்டமும், 2021-இல் அதற்கான சட்டத் திருத்தமும் வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் அத்திருத்தத்தைச் செல்லாது என்றது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022-இல் அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கைக்குப் பின், புதிய தடைச் சட்டம் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. ஆயினும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025-இல், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடத் தடை, ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு முதலிய மாநில விதிகள் வந்தன. அவ்வாண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

அதன்பின் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் அது தடைசெய்கிறது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுவோரை அது குற்றவாளியாகக் கருதவில்லை. பெரிய நிறுவனங்கள் பலவும் பணம் வைத்து ஆடும் பகுதியை உடனே நிறுத்தின. சில நிறுவனங்கள் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்திற்கும் சென்றன.

இதனால் நம் வாசகர்களுக்கு விளைவது ஒன்று. இன்றும் ‘பணம் வைத்து ஆடலாம்’ என்று அழைக்கும் செயலிகளும் டெலிகிராம் குழுக்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தோ மறைவாகவோ இயங்குபவை. அங்கே எதிரில் அமர்ந்திருப்பவர் மனிதரா கணினி நிரலா, மூவர் தம்முள் சீட்டைப் பகிர்ந்துகொண்டு ஆடுகிறார்களா என்று அறிய வழி இல்லை. வென்ற பணத்தைத் தராமல் கணக்கை முடக்கினால் முறையிட இடமும் இல்லை. வங்கி விவரங்களைக் கொடுத்து ஏமாந்தவர்கள் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும்.

விளையாட்டு நோயாகும் இடம்

திருக்குறளில் ‘சூது’ 94-ஆம் அதிகாரம். அதற்கு முன்னது ‘கள்ளுண்ணாமை’, பின்னது ‘மருந்து’. இன்றைய மருத்துவமும் சூதாட்ட நாட்டத்தைக் குடிநோய்க்கு அருகிலேயே வைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, சூதாட்டக் கோளாற்றைப் பழக்க அடிமை நோய்களின் பிரிவில் சேர்த்துள்ளது. ஆகவே இது ஒழுக்கக்கேடு அன்று. மருத்துவம் உள்ள நோய்.

எப்போது வரும் என்று தெரியாத பரிசையே மூளை மிகுதியாக எதிர்நோக்குகிறது. ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பரிசில் ஆர்வம் விரைவில் அடங்கும். எப்போதேனும் கிடைக்கும் பரிசில் அடங்காது. நூலிழையில் தவறிய ஆட்டம் தோல்வியாகத் தோன்றாமல், கிட்டிவந்த வெற்றியாகத் தோன்றும். இவற்றோடு உறக்கமின்மையும் கவலையும் வலியும் சேரும்போது தடுக்கும் ஆற்றல் மேலும் குறைகிறது. கன்டெய்னர் லாரி வரிசையில் மணிக்கணக்கில் காத்திருப்பவரும், இரவுப் பணியில் இருப்பவரும், நோயாளியின் கட்டிலருகே விழித்திருப்பவரும் இந்நிலையில் உள்ளவர்களே.

பின்வரும் குறிகள் தென்பட்டால் மருத்துவ உதவி தேவை எனக் கொள்க: இழந்ததை மீட்கவே மீண்டும் ஆடுதல், தொகையைப் படிப்படியாக உயர்த்துதல், நிறுத்த முயன்றும் இயலாமை, ஆடாத நேரத்தில் எரிச்சல், கடன், செலவு ஆகியவற்றை மறைத்தல், மருந்துக்கென வைத்த பணத்தைத் தொடுதல்.

மருந்து உட்கொள்வோர் அறியவேண்டிய ஒன்றும் உண்டு. நடுக்குவாத நோய்க்கும், இரவில் கால்கள் அமைதியின்றித் துடிக்கும் நோய்க்கும் தரப்படும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள், சிலரிடம் அடக்கமுடியாத சூதாட்ட உந்துதலைத் தோற்றுவிக்கக்கூடும். மனநல மருத்துவத்தில் பயன்படும் அரிபிப்ரசோல் மருந்துக்கும் இவ்வெச்சரிக்கை உண்டு. முன்பு சீட்டையே தொடாதவர் இம்மருந்துகளைத் தொடங்கியபின் ஆடத் தொடங்கினால், அது அவர் குற்றம் அன்று என்பதைக் குடும்பத்தார் உணரவேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தவேண்டா. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உடனே கூறுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ அவர் சரிசெய்வார்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

முதலாவதாக, பழித்துப் பேசாமல் கணக்கைக் கேளுங்கள். கணக்கில் செலுத்தியது எவ்வளவு, வெளியே எடுத்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களை வங்கி அறிக்கையிலிருந்து ஒரே தாளில் எழுதச் செய்வது, நூறு சண்டைகளைவிடப் பயன் தரும். நினைவு வெற்றிகளையே சேர்த்துவைக்கும். வங்கி அறிக்கை இரண்டையும் சேர்த்துவைக்கும்.

இரண்டாவதாக, சிகிச்சைக் காலத்தில் பணப் பொறுப்பை, நோயுற்றவரின் இசைவோடு, வேறொருவர் ஏற்றுக்கொள்ளலாம். கைப்பேசிப் பணப்பரிமாற்றத்திற்கு நாள் வரம்பைக் குறைத்து வைக்கலாம்.

மூன்றாவதாக, கடனை உடனே முழுவதுமாக அடைத்துவிட்டு ‘இனி ஆடாதே’ என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். சிகிச்சையின்றிக் கடன் மட்டும் அடைந்தால், மீண்டும் கடன் வாங்க வழி திறந்ததாகும். கடன்காரர் கந்துவட்டி கேட்டு மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம்.

நான்காவதாக, ‘நான் இல்லாவிட்டால் கடன் தீரும்’ என்பது போன்ற சொற்களை ஒருபோதும் வெறும் பேச்சாகக் கொள்ளாதீர்கள். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகாது. மாறாக, மனம் திறக்க அது வழிசெய்யும். அவரைத் தனியே விடாமல் உடனே உதவி நாடுங்கள். டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களில் தமிழில் பேசலாம். சென்னையின் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சை இந்நோய்க்குப் பயனளிக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை ஆகியவற்றில் மனநலப் பிரிவுகள் உள்ளன.

அப்படியானால் வருமானத்திற்கு வழி?

சீட்டாட்டம் விடை அன்று என்று மட்டும் கூறி நிறுத்தினால், கேள்வியை எழுப்பிய தேவை அப்படியே இருக்கும். பலர் தமக்குரிய உதவிகளைக் கேட்காமலேயே விட்டுவிடுகின்றனர் என்பதால் அவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளராயினும், இ.எஸ்.ஐ. திட்டத்திற்கு உட்பட்ட நிறுவனத்தில் பணிபுரிந்தால் காப்பீட்டுக்கு உரியவர். உரிய சந்தா நாள்களை நிறைவு செய்தவர் நோயுற்றால், ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை பெறலாம். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட நெடுங்கால நோய்கள் சிலவற்றுக்கு, தகுதிக்கு உட்பட்டு, 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரை கிடைக்கும். பணியின்போது விபத்து நேர்ந்து தற்காலிகமாக வேலை செய்ய இயலாமற்போனால் 90 விழுக்காடு. இதற்குச் சந்தா நாள் கணக்கும் இல்லை, முதல் நாள் பணியில் சேர்ந்தவருக்கும் பொருந்தும். வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், பணியோடு தொடர்பு நிறுவப்பட்டால், இதில் அடங்கும். ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா என்று இன்றே பாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் தேவை. கட்டுமானம், ஓட்டுநர் பணி, மீன்பிடிப்பு முதலிய தொழில்களில் இருப்போருக்குத் தனித்தனி நல வாரியங்கள் உள்ளன. பதிவை உரிய காலத்தில் புதுப்பித்து வைத்திருப்போருக்கே உதவி கிடைக்கும்.

இவற்றால் வரும் தொகை பெரிதன்று. விண்ணப்பித்த அன்றே கிடைப்பதும் அன்று. எனினும், 15,000 ரூபாய் ஊதியம் பெற்றவருக்கு இ.எஸ்.ஐ. தரும் 70 விழுக்காடு என்பது மாதம் 10,500 ரூபாய். நான்கு மேசைகளில் நாள் முழுதும் விழித்து ஆடும் வல்லவரே பல மாதங்களில் அத்தொகையை எட்டமாட்டார். காப்பீட்டுத் தொகையோ படுக்கையில் ஓய்வெடுக்கும்போதும் வரும். அதற்காக இன்னொரு வீட்டின் மருந்துப் பணம் மேசைக்கு வரவேண்டியதும் இல்லை.

நோயாளியோ உடனிருப்பவரோ ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருந்தால், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது இரத்த அழுத்தத்தையும் உறக்கத்தையும் கூறுவதுபோலவே இதனையும் கூறுங்கள். கடன் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள், எந்த மருந்துகளை உட்கொள்கிறீர்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், சிகிச்சையை அன்றே தொடங்க உதவும்.